நாலாவது கேள்வி

காலை ஒன்பது பத்துக்குத் தந்தியிடமிருந்து போன் வந்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் அப்போதுதான் ஒரு மூக்குக் கண்ணாடிச் சில்லை மெஷினில் மாட்டியிருந்தாள். சில்லு சுற்றியது. தண்ணீர் பீய்ச்சியது. விளிம்பு வெள்ளைச் சேறாகக் கரைந்து வழிந்தது. நடுவில் நிறுத்தினால் சில்லு பாழ். மணி அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இடது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

தந்தி அவளுடைய சித்தி மகன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். சொந்தத்தில் யார் இறந்தாலும் செய்தி முதலில் அவன் வாயிலிருந்துதான் வரும். அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. கஜானா. முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கஜானா என்பார்கள், அவசரம் வந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

பன்னிரண்டு வீடுகள் மாதாமாதம் போடும் பணம் அவளிடம் இருந்தது. அதற்கு வழிச்செலவு என்று பேர். கல்யாணத்துக்குக் கிடையாது, ஆஸ்பத்திரிக்குக் கிடையாது, சாவுக்கு மட்டும். அவள் அப்பா இறந்தபோது அவருடைய உடன்பிறந்த தம்பி பஸ்ஸுக்குக் காசில்லாமல் நான்காம் நாள் வந்து சேர்ந்தார். பாதி தூரம் லாரி, மீதி நடை. அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று, "ஒரு தடவை முகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த வாரமே பன்னிரண்டு வீடும் கூடி உட்கார்ந்து முடிவு செய்தது.

கேட்பவரிடம் மூன்று கேள்விதான் கேட்கலாம். யார்? எந்த ஊர்? எத்தனை பேர் போகிறீர்கள்? போனை வைத்த கையோடு பணம் போய்விட வேண்டும். நாலாவது கேள்வி கிடையாது. சாவு வீட்டுக்குக் கிளம்பி நிற்பவரை நிறுத்தி வைத்து, எப்போது போனார், எப்படிப் போனார் என்று விசாரிப்பது மனிதத்தனம் இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் பதினோரு வருடமாகக் கேட்டதில்லை.

"அக்கா, பஸ்ஸுக்கு வேணும்."

"காலங்காத்தாலேயே ஆரம்பிச்சுட்டியா? இந்தத் தடவை யாரைச் சாகடிச்சிருக்க?"

"விளையாடாதீங்கக்கா."

"நானா விளையாடறேன்? உன் மாமியாரோட அண்ணன் போயிட்டாருன்னு சொல்லிக் காசு வாங்கின. மறுநாள் அவரே எனக்குப் போன் பண்றாரு. 'ஏம்மா, நான் செத்துட்டேனாமே, உனக்கு யாரு சொன்னா'ன்னு கேட்கறாரு. எங்க கொண்டுபோய் முகத்தை வச்சுக்கறது நான்?"

வழக்கமாக இந்த இடத்தில் அவன் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

"சரி, சொல்லு. யாரு?"

அவன் அதை விட்டுவிட்டு அடுத்த இரண்டுக்குப் போனான். "ஊரு உங்க ஊருதான். நான் ஒருத்தன்தான் வர்றேன்."

"எங்க ஊர்ல நமக்கு யாருடா இருக்கா? நானும் உங்க மாமாவும்தான்."

"ஆமாக்கா."

மெஷின் வேலையை முடித்துத் தானாக நின்றது. அறை திடீரென்று அமைதியானது.

"என்னடா ஆமா?"

"நீங்கதானேக்கா போன் பண்ணீங்க."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நாலாவது கேள்வியைக் கேட்டாள்.

"எப்போ?"

"காலைல. அஞ்சேமுக்கால் இருக்கும். பக்கெட்ல தண்ணி பிடிச்சுட்டிருந்தேன். உங்க பேரைப் பார்த்துட்டு, என்னக்கா இவ்வளவு காலையிலேயேன்னு கேட்டேன். நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னீங்க. 'தம்பி, மாமா போனை எடுக்க மாட்டேங்கிறார்டா. நீ எங்க இருக்க?' அவ்வளவுதான். கட் ஆயிடுச்சு."

"அதுக்கு அர்த்தம் செத்துட்டாருன்னா?"

"உங்க குரலைக் கேட்டேனேக்கா. அதுக்கப்புறம் என்ன கேள்வி?"

"அஞ்சேமுக்காலுக்கு உங்க மாமா என் பக்கத்துல படுத்து ஊரே கேட்கற மாதிரி குறட்டை விட்டுட்டிருந்தாருடா. எட்டு மணிக்கு என் கையால டிபன் பாக்ஸ் வாங்கிட்டுப் போனாரு."

"அப்படியா?" என்றான். நிம்மதி அடைந்த மாதிரித் தெரியவில்லை. "உங்களுக்குப் பின்னாடி யாரோ நம்பர் படிச்சுட்டிருந்தாங்கக்கா. நாலு, ஏழு, ரெண்டு. அப்புறம் தெரியலன்னாங்க. ஆஸ்பத்திரி போலிருக்குன்னு நினைச்சேன்."

அவளுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கண் பரிசோதிக்கும் அறை. ஒரு நாற்காலி, சுவரில் எண்கள் எழுதிய அட்டை. பரிசோதிக்கும் பெண் பதினோரு மணிக்குத்தான் வருவாள். அறை இருட்டாகக் கிடந்தது. தந்தி இந்தக் கடைக்குள் கால் வைத்ததே கிடையாது.

"என் போன்ல நான் உனக்குப் பண்ணின மாதிரி ஒண்ணும் இல்ல. பார்த்துட்டேன்."

"என் போன்லயும் இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அழுதுட்டே கூப்பிடறாங்க, காசு வாங்கிட்டுக் கிளம்பறேன், அங்க போய்ப் பார்த்தா ஆளு உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டிருக்காரு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கறீங்க. நினைச்சுக்கங்க."

"காசு கிடையாது. வாயைக் கழுவிட்டு வேலைக்குப் போ."

போனை வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். அவர் லிப்ட் மெக்கானிக். இந்த வாரம் பதினாறு மாடிக் கட்டிடம் ஒன்றில் வேலை. நாலாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க மகாராணி."

"எங்க இருக்கீங்க?"

"பதினாறாவது மாடில. சொர்க்கத்துக்குப் பக்கத்து வீடு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல சும்மா போன் பண்ணது இதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையா?"

"பெல்ட்டு மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டாம வேலை செஞ்சா சூப்பர்வைசர் என்னைத் தள்ளிவிட்டே கொன்னுடுவான். வை, கையில கிரீஸ்."

அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உங்கள் சாவுக்கு வர ஒருவன் பஸ் காசு கேட்கிறான் என்பதை, பதினாறு மாடி உயரத்தில் நிற்கும் மனிதனிடம் எந்த வாயால் சொல்வது?

நோட்டுப் புத்தகம் எப்போதும் அவள் பையில் இருக்கும். மெஷின் மேல் வைத்துப் பிரித்தாள். ஒவ்வொரு வரியிலும் தேதி, வாங்கியவர், இறந்தவர், ஊர், எத்தனை பேர். தந்தியின் பெயரை விரலால் தேடிக்கொண்டு போனாள்.

மாமியாரின் அண்ணன். தந்திக்கு ஒரு வரி. பணம் போயிருந்தது. அதற்குக் கீழே வேறு இரண்டு சாவுகள். பிறகு மறுபடி மாமியாரின் அண்ணன். இந்த முறை ஆறு வீடுகள் கேட்டிருந்தன. நடுவில் ஒன்பது நாள்.

தபால்காரப் பெரியப்பா. தந்திக்கு ஒரு வரி. பணம் போயிருந்தது. மூன்று நாள் கழித்து அதே பெயருக்கு எட்டு வீடுகள்.

லாரி ஓட்டும் மச்சான். தந்திக்கு ஒரு வரி. அதற்கு அடுத்த வரியிலிருந்தே மற்ற வீடுகள் தொடங்கின. தேதி ஒன்றுதான். தந்திக்குக் காலையில் அனுப்பியதும், மற்றவர்கள் சாயங்காலம் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்தது.

அப்போதெல்லாம் சிரித்தார்கள். அவனுக்குக் கருநாக்கு என்றார்கள். ஒரு தடவை காசை ஏமாற்றி வாங்கிவிட்டான், அதற்கேற்ற மாதிரி பாவம் அவர் நிஜமாகவே போய்விட்டார் என்றார்கள். யாரும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நோட்டு அவளிடம்தான் இருந்தது, அவளும் பார்க்கவில்லை.

நான்காவதாக ஒன்று இருந்தது. தையல்கார அத்தை. போன மாதம். கையிருப்பு இல்லாததால் தந்திக்கு இல்லை என்று சொல்லி, பெயரைப் பென்சிலால் அடித்திருந்தாள். அதற்கப்புறம் அத்தையின் பெயர் நோட்டில் எங்கும் வரவில்லை. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தாள்.

"யாரு?"

"நான்தான் அத்தை."

"இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கறியா? இருக்கேன்டி. முட்டிதான் போச்சு. காசு போடற அன்னைக்குப் பேசாத கஜானா, போடாத அன்னைக்குப் பேசறா."

"அந்தத் தந்தி அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தானா அத்தை?"

"காசு கொடுத்தாத்தானே வருவான்?"

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பணம் போன மூன்று பேரும் உயிரோடு இல்லை. பணம் போகாத ஒருத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறாள். இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. அவனிடம் காசு இருந்தால் கிளம்புவான். கிளம்பினால் சாவு இருக்கும். அவன் கிளம்பக் கூடாது.

ஆனால் வழிச்செலவுக்கு இன்னொரு விதியும் இருந்தது. கஜானாவால் முடியாவிட்டால் பன்னிரண்டு வீட்டில் எந்த வீடும் கொடுக்கலாம், பிறகு அவளிடம் வாங்கிக்கொள்ளலாம். அந்த விதியைச் சொன்னதே அவள்தான்.

முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, சித்தி வீடு உட்பட ஒவ்வொரு வீடாகப் போன் போட்டாள். மத்தியானம் வரை ஆனது.

"தந்தி கேட்டா யாரும் கொடுக்காதீங்க."

"ஏன், கஜானாவுக்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்றார் பெரிய மாமா.

"இந்தத் தடவை யாரை அனுப்பி வச்சிருக்கான்?" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி. "என்னைன்னா சொல்லு, துணியெல்லாம் துவைக்காம விட்டுடறேன்."

"எனக்குப் போன் பண்ணான்" என்றார் மளிகைக்கடை அண்ணன். "யாருன்னு கேட்டேன், முதல்ல காசைப் போடுங்கண்ணே, அப்புறம் சொல்றேன்னு கெஞ்சினான். நல்லா நடிக்கறான். வச்சுட்டேன்."

"எப்போண்ணே?"

"பத்து மணி இருக்கும். ஏன், நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

பதினோரு வீடும் கொடுக்க மாட்டோம் என்றது. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்து பழகிவிட்ட குடும்பம்.

அவள் உள்ளே வந்து முகம் கழுவினாள். பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து முழுவதையும் சாப்பிட்டாள். அதன் பிறகு ஆறு ஜோடி சில்லு வெட்டினாள். ஏழாவது ஜோடியில் வலது கண்ணுக்கானதைப் பிரேமின் இடது வளையத்துக்கு வெட்டிவிட்டாள். அப்படி ஒரு தப்பு அவள் கையால் நடந்ததே இல்லை. இரண்டு சில்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பிகள் ஒன்றில் பக்கத்திலும் ஒன்றில் தூரத்திலும் தெரிந்தன. குப்பையில் போட்டாள்.

மூன்று இருபதுக்குக் கணவன் கூப்பிட்டார்.

"காலைல நீ சும்மா பண்ணியே, அதே மாதிரி நானும் சும்மா பண்றேன். சரியாப் போச்சா?"

அவள் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வந்துடறேன்" என்றார். "உன் தம்பி வர்றான்."

"எந்தத் தம்பி?"

"உனக்கு எத்தனை தம்பி? தந்திதான். பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருக்கேன் மாமா, ஒருத்தரும் காசு கொடுக்க மாட்டேங்கறாங்கன்னு அழாத குறையாச் சொன்னான். பதினொன்றரை மணி இருக்கும். என் கையில இருந்ததைப் போட்டுவிட்டேன். இந்நேரம் பாதி வழி தாண்டியிருப்பான்."

பதினோரு வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள். பன்னிரண்டாவது வீடு அவளுடையது.

"யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நேர்ல வந்து சொல்றேன்னான். சரின்னு விட்டுட்டேன். சாவுக்குப் போறவனை நிக்க வச்சுக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

"என்னங்க, கீழ இறங்குங்க."

"இறங்கத்தான் போறேன். இன்னும் ஒரு கயிறு மாத்தணும்."

"இப்பவே இறங்குங்க. படியில இறங்குங்க. லிப்ட்ல வேண்டாம்."

"லிப்ட்டைப் பிரிச்சுப் போட்டிருக்கேன், அதுல எப்படி வர்றது? என்ன ஆச்சு உனக்கு இன்னைக்கு?"

"நான் சொல்றதைக் கேளுங்களேன்!"

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்காக. ஒரே ஒரு தடவை."

இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவரைப் பெயர் சொல்லாமல் "அண்ணே" என்று கூப்பிட்டார்கள்.

"பத்து நிமிஷம். கூட வேலை செய்யறவன் அந்த முனையைப் பிடிச்சுட்டு நிக்கறான், அவனை அப்படியே விட்டுட்டு வர முடியாது. கீழ இறங்கினதும் முதல் வேலையா உனக்குப் போன் பண்றேன். போதுமா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மூன்று முப்பத்தைந்து ஆனது. மூன்று நாற்பது. லிப்ட் ஏறி இறங்கும் கிணறு மாதிரியான இடத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். மூன்று நாற்பத்தைந்துக்கு அவளே கூப்பிட்டாள். மணி அடித்தது. சிக்னல் இருந்தது. எடுக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

கட்டிடத்தின் வாட்ச்மேன் நம்பரோ சூப்பர்வைசர் நம்பரோ அவளிடம் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவை தேவைப்பட்டதில்லை. பையைத் தோளில் மாட்டினாள். ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம். கதவு வரை போய் நின்றாள். தந்தியைப் பாதி வழியில் இறக்கிவிட்டால்? காசு போயிருந்தாலும் அவன் வந்து சேராவிட்டால்? தையல்கார அத்தையின் வீட்டுக்கு அவன் போய்ச் சேரவில்லை, அத்தை இருக்கிறாள்.

கடை மேஜையில் இருந்த போனை இழுத்துக் கணவனின் நம்பரைப் போட்டு இடது காதில் வைத்தாள். அது அடித்துக்கொண்டிருக்கட்டும். தன் போனில் தந்தியின் நம்பரை அழுத்தி வலது காதில் வைத்தாள். சொல்ல வேண்டியதை உதட்டிலேயே தயாராக வைத்திருந்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கு. எங்கே இருந்தாலும் இறங்கு. திரும்பிப் போ.

வலது காதில் மணி நின்றது. எடுத்துவிட்டான்.

பஸ் இரைச்சல் இல்லை. ஹாரன் இல்லை. ஆட்கள் பேச்சு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கெட் நிறைய நிறைய அந்தச் சத்தம் மாறிக்கொண்டு வந்தது. யாரோ குழாயை மூடினார்கள்.

"அக்காவா?" என்றான் தந்தி. தூக்கம் தெளியாத குரல். கொட்டாவியை அடக்கினான். "என்னக்கா, இவ்வளவு காலையிலேயே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சாயங்கால வெயில் மெஷின் மேல் சரிந்து விழுந்திருந்தது. கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

அவன் இன்னும் கிளம்பவில்லை. இன்னும் யாரிடமும் காசு கேட்கவில்லை. ஒரு வாக்கியம் போதும். கிளம்பாதே. அவள் வாயைத் திறந்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "ஒரு கண்ணை மூடிக்கங்க, மேலேர்ந்து படிங்க" என்றாள் பரிசோதிக்கும் பெண்.

"நாலு" என்றது ஒரு வயதான குரல். "ஏழு. ரெண்டு."

"அடுத்தது?"

"தெரியல."

இடது காதில் அடித்துக்கொண்டிருந்த மணி, யாரும் எடுக்காமலேயே ஓய்ந்தது.

"தம்பி" என்றாள் அவள். "மாமா போனை எடுக்க மாட்டேங்கிறார்டா. நீ எங்க இருக்க?"